மதகுக்காரி

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடிப்பார்கள்.
ஊரில் அப்படித்தான் சொன்னார்கள்,
அது பொய்யுமில்லை.
அப்பா வீப்ரென் பசுக்களைப் பார்க்கப் போகையில்
சைக்கிளில் ஒரு பால் கேன் தொங்கும்.
உள்ளே தண்ணீர்.
பிரசங்கம் முடிவதற்குள் மூன்று முறை
தேவாலயக் கதவு கிறீச்சிடும்;
போதகர் வேதத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.
சாராயம் என்றே நம்பி
அடக்கத்துக்கும் வந்து நின்றார்கள் சிலர்.
தண்ணீர் என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம்.
குடிகாரன் என்றால் ஊர் மன்னிக்கும்.
தண்ணீருக்கு அலைகிறவனை
என்னவென்று கூப்பிடுவது?

கடலுக்குக் கீழே கிடக்கிற சீமை எங்கள் ஃப்ரீஸ்லாந்து.
பம்பு நின்றால் பசுக்கள் நீந்தும்.
கால்வாய் மதகில் எனக்கு வேலை:
பொத்தானை அழுத்தினால் ஒரு கதவு மூடும்,
நீர் ஏறும்,
மறு கதவு திறக்கும், படகு போகும்.
பன்னிரண்டு வருடம்.
மேசையில் ஒரு நீலக் குடுவை,
நாலெட்டில் கழிப்பறை.
இந்த இரண்டுக்காகத்தான் இந்த வேலையைக் கேட்டேன்
என்று யாரிடமும் சொன்னதில்லை.

ரிக்ஸ்ட் இரண்டு வயதில்
டூலிப் ஜாடியைத் தூக்கிக் குடித்தாள்.
பூக்கள் தரையில்.
அழுகல் வாடையடிக்கும் நீர் மோவாயில் வழிய
இன்னும் கேட்டாள்.
ஹில்கே சிரித்தான். அவன் வேறு குடும்பம்.
பிறந்தபோது சரியாகத்தான் இருந்தாள்,
டயபர் கணக்கு பக்கத்துவீட்டுப் பிள்ளைக்கு உள்ளதுதான்.
தப்பித்தாள் என்றிருந்தேன்.

குரோனிங்கனில் முதலில் என்னைச் சோதித்தார்கள்.
தண்ணீரில்லாத அறை.
கைகழுவும் குழாய்க்கும் துணிசுற்றிக் கட்டு.
மணிக்கொருமுறை எடை.
ஐந்தாம் மணியில் மழை.
சன்னலுக்கு வெளியே வழிகிற துளியை
உள்ளிருந்து நக்கினேன்.
செவிலி பார்த்தாள்,
பார்க்காதவள்போல் எதையோ எழுதினாள்.

இருபதாம் குரோமோசோமில் ஒரு மரபணு
என்றார் டாக்டர் பௌவ்ஸ்மா.
மூளை சிறுநீரகத்துக்கு எழுதுகிற ஒருவரிக் கடிதம் அது:
நீரைப் பிடித்து வை.
பெயர் வாசோபிரஸின்.
ஒன்பதே மணி கோத்த சரம்.
சரத்தில் குற்றமில்லையாம்,
சுமந்துபோகும் புரதத்தில்தான்
ஓர் எழுத்து மாறிவிட்டது, மடிய வேண்டியபடி மடியவில்லை.
"அம்மா கொடுத்த நல்ல பிரதி ஒன்று இருக்குமே?"
படம் வரையப் பேனாவை எடுத்தார்.
அதற்குள் நானே சொன்னேன்:
மதகில் ஒரு படகு குறுக்கே சிக்கினால்
பின்னால் வருகிற நல்ல படகுகளும் நிற்கும்.
நின்று நின்று
வாய்க்காலே தூர்ந்துபோகும்.
பேனாவை மூடினார்.
"அப்படித்தான் அந்தச் செல்கள் சாகின்றன. மெதுவாக.
அதனால்தான் குழந்தைக்கு இரண்டு வயது பிடித்தது."

நாக்கடியில் கரைகிற சின்ன மாத்திரை.
முப்பத்தெட்டு வயதில் முதன்முறை
விடியும்வரை யாரும் எழுந்துபோகாத படுக்கை,
என் பக்கமும் சூடாக.

கைதான் கேட்கவில்லை.
தாகமில்லாமலே குடுவைக்குப் போகிறது.
இனி அப்படிக் குடித்தால்
இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், வலிப்பு வரும்
என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.
இத்தனை நாள் உயிரைப் பிடித்துவைத்தது
இனி எதிரி.
மகளுக்கு அளந்து ஊற்றும்போது
டம்ளரைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்க்கிறேன்.

ஞாயிறன்று அப்பாவின் பால் கேனை நிரப்பி
சைக்கிளில் மாட்டினேன்.
கல்லறையில் ஊற்றவில்லை. குடிக்கவுமில்லை.
திரும்பும்போது தளும்பித் தளும்பி
வலது காலுறை முழுக்க ஈரம்.
பாலத்தருகே, தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்கிற
கிழவர் சீட்ஸே
கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
இறங்கி, மூடியைத் திறந்து,
அவர் மூக்கருகே நீட்டினேன்.